ஒன்றுக்கு அடுத்தது பத்து

எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போனால் எரிகிற விளக்குகளை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்களை எண்ணி, அடுத்த தரிப்பில் கண்டக்டர் இன்னும் எத்தனை பேரைத் திணிப்பாரோ என்று கவலைப்படுவேன். சாவு வீட்டில்கூட மாலைகளை எண்ணியிருக்கிறேன். (முப்பத்தொன்று. அதில் இரண்டு ஒரே ஆள் போட்டது.)

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆபீசில் ஒரு முறை இருந்தது. தோட்டத்து மானேஜரான பெரிய துரைக்குப் பிடிக்காத கடிதம் வந்தால் கிழித்துப் போட மாட்டோம். கிழிப்பது குற்றம். அடுக்கின் அடியில் வைத்துவிடுவோம். துரை மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். பாதி அடுக்கில் தேநீர் வரும். தேநீரோடு அவருடைய அன்றைய உழைப்பு முடிந்துவிடும். அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். கூரை ஒழுகுகிறது என்று லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்த மனுக்கள் எத்தனையோ, ஒரு துளி நனையாமல் எங்கள் அடுக்குகளின் அடியில் பத்திரமாக இருந்தன.

இவ்வளவு சிறப்பான முறையை ஒரு பென் டிரைவில் செய்து பார்க்கப் போய்த்தான் நான் சந்தி சிரிக்க நேர்ந்தது.

இரண்டாயிரங்களின் கடைசியில் நடந்த கதை. என் இளைய மகள் மாலதி தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. ஆசிரியர் பயிற்சியின்போது பழக்கமான ராகலைப் பையன் சுரேஷும் ஆசிரியர். அதற்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களை அவள் தட்டிக் கழித்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பையனின் அப்பா ஆறுமுகம், ராகலையில் மரக்கறி வியாபாரி. முட்டைக்கோவாவும் கரட்டும் மூட்டை மூட்டையாகக் கொழும்புக்கு அனுப்புகிறவர். அவர் வீட்டில் லொறி டிரைவரிலிருந்து வழி கேட்க வந்தவன் வரைக்கும் சாப்பிடாமல் வெளியே வர முடியாது என்று மாலதி சொன்னாள். அதைக் கேட்டதுமே ஒரு நாளைக்கு எத்தனை சாப்பாடு என்று எண்ணத் தொடங்கினேன்.

"அவங்க நகை நட்டு ஒண்ணும் கேக்க மாட்டாங்கப்பா," என்றாள். "சாப்பாட்டு விசயத்துல மட்டும் ரொம்பப் பாப்பாங்க. சுரேஷோட அம்மாவுக்குத்தான் ஒரு சந்தேகம்."

"என்னா சந்தேகம்?"

மாலதி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா கல்யாணத்துல வந்தவங்களுக்கு வயிறு நெறையலன்னு யாரோ சொல்லியிருக்காங்க."

மூத்தவள் சாந்தியின் கல்யாணம் நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தப் பேச்சு எந்த பஸ்ஸில் ஏறி ராகலைக்குப் போனதோ தெரியாது. வயிறு நிறையவில்லையாம். எவ்வளவு பெரிய அபாண்டம். அரிசி எத்தனை மூட்டை, தேங்காய் எத்தனை, அப்பளம் எத்தனை என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும், இன்றைக்கும் தெரியும்.

அடுத்த நாள் பையனின் அம்மா சிவபாக்கியம் என் மனைவி பார்வதியுடன் தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேர் பெண் பார்க்க வருகிறார்களாம். கடைசியில் சும்மா கேட்பதுபோல், "மூத்த புள்ள கல்யாண வீடியோ இருக்காமே அண்ணி, வரும்போது பாப்போமா?" என்று கேட்டாராம்.

"அவங்க சும்மா கேக்கலங்க," என்றாள் பார்வதி. "பந்தியப் பாக்கத்தான் கேக்குறாங்க."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. வீட்டில் புதிய டிவி இருந்தது. மூத்த மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னப் பொந்து இருக்கும். பென் டிரைவைச் செருகினால் படம் ஓடும். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட டிவி இரண்டுதான். (மற்றது துரை பங்களாவில்.) ராகலைக்காரர்களுக்குக் கல்யாணத்தின் சிறப்பையும் டிவியின் சிறப்பையும் ஒரே அமர்வில் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் தடங்கல், கல்யாண டிவிடி. ஒருவர் கையும் படக்கூடாது என்று நான் மூன்று வருடம் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தேன். எங்கள் ஊர் ஈரத்தில் அது பூஞ்சணம் பிடித்து, வட்டமாக வெட்டிய கருவாடு மாதிரி இருந்தது. கல்யாணத்தைப் படம் எடுத்த டவுன் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் தேடி, "வெட்டி ஒட்டாம எடுத்தபடியே பதினாலு துண்டா இருக்கு ஐயா. எடிட் பண்ணித் தரவா?" என்று கேட்டார்.

"அதுக்குத் தனியா எடுப்பீங்களா?"

"வேலை இருக்கே ஐயா."

"அப்ப எடுத்தபடியே தாங்க."

பதினான்கு துண்டுகளையும் பென் டிரைவில் ஏற்றித் தந்துவிட்டு, தன்னிடம் இருந்ததை என் கண் முன்னாலேயே அழித்தார். இடம் போதவில்லையாம். "இனி இது ஒண்ணுதான் ஐயா. படம் ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் புடுங்கிறாதீங்க. எல்லாம் போயிரும்," என்று வேறு பயமுறுத்தி அனுப்பினார்.

மாலதி பள்ளிக்கூடம் போயிருந்தபோது அவளுடைய மடிக்கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது துண்டுகள் தங்கம். பிள்ளையார், நான் விருந்தினரை வரவேற்பது, மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, ஆசீர்வாதம். மற்ற ஐந்தும், உள்ளே இருப்பது தெரியாமல் நான் வாங்கி வந்த பாம்புகள். ஸ்டூடியோக்காரரோடு கூட வந்த ஆள் கமராவைத் தூக்கிக்கொண்டு பந்திக்கும் சமையல் கொட்டகைக்கும் போயிருக்கிறான். அங்கெல்லாம் நான் இருந்தேன். நான் மட்டும் இல்லை, என் குரலும் இருந்தது.

அழித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆபீசில் முப்பத்தாறு வருடம் இருந்தவனுக்கு அழிக்கக் கை வராது. பழைய முறையைக் கையாண்டேன். நல்ல ஒன்பதுக்கும் 1 முதல் 9 வரை இலக்கம் போட்டேன். வில்லங்கமான ஐந்துக்கும் 10 முதல் 14 வரை. அடுக்கின் அடி. ஒன்பது முடிந்ததும் நிறுத்திவிட்டு, தேநீர் என்று சொல்லி எல்லோரையும் எழுப்பிவிட வேண்டியது. பெரிய துரைகளையே எழுப்பிய தேநீர், ராகலைக்காரர்களை எழுப்பாதா?

டிவியில் செருகி முதலாவதை மட்டும் போட்டுப் பார்த்தேன். பிள்ளையார் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு பெட்டியைத் திறந்து ருசி பார்த்தால் அந்தத் தொகுதி முழுவதும் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் என்று சொல்லி ஒன்பது பேர் வந்தார்கள். (இரண்டு நாற்காலிகளுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.) ஆறுமுகம் வரும்போதே ஒரு மூட்டை கரட், ஒரு மூட்டை லீக்ஸ், எண்ண முடியாத அளவு கோவா எல்லாம் இறக்கினார். சிவபாக்கியம் மெலிந்த, கூர்மையான பார்வையுள்ள அம்மா. அவருடைய தம்பி கதிர்வேல், பையனின் தாய்மாமன், வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்கள் சிரிக்கவோ அழவோ வேண்டும். சுரேஷ் ஒரு மூலையில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

மாலதி வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். பார்வதி தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டுக்கு இரண்டு உளுந்து வடை, கொஞ்சம் கேசரி, ஒரு வாழைப்பழம். நாற்பது வடை சுட்டிருந்தோம். பதினெட்டு வெளியே வந்தது. மிச்சம் இருபத்திரண்டை ஒரு கூடையில் போட்டு மூடி வைத்திருந்தேன். திடீரென்று யாராவது வந்தால்?

"அப்பா, ரிமோட்ட எங்கிட்ட குடுங்க, நான் போடுறேன்," என்று மாலதி கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்," என்றேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகளுக்கு முன்னால் இந்த இரண்டு சொற்களைச் சொல்லியிருக்கிறேன்.

படம் ஓடத் தொடங்கியது. பிள்ளையார், குத்துவிளக்கு, வாசலில் வாழைமரம். "நல்ல கிளீயரா இருக்கே," என்றார் ஆறுமுகம். நான் அடக்கமாகத் தலையசைத்தேன். அடுத்து என் வரவேற்புரை வரும். நான் பட்டுச் சால்வையுடன் ஒலிவாங்கி முன்னால் நிற்பேன்.

நான்தான் வந்தேன். ஆனால் சால்வை இல்லை. புகைக்காகத் தலையில் துண்டு கட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, சமையல் கொட்டகையில் வடைக் கூடைக்கு முன்னால் நின்றிருந்தேன். பந்தி பரிமாறுகிற மருதை என்ற தோட்டத்து ஆள் படத்துக்குள் ஓடிவந்தான்.

"கிளாக்கரையா, ரெண்டாவது பந்தி உக்காந்துட்டாங்க. வடைய எடுக்கவா?"

"எத்தனை இலை?"

"எம்பது இருக்கும்."

"இருக்கும்னா என்னா கணக்கு அது? போய் எண்ணிட்டு வா."

மருதை போனான். கமராக்காரப் பாவி அதுவரைக்கும் என் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தான். மருதை திரும்பி வந்தான்.

"எம்பத்திநாலு."

"நாப்பத்திரெண்டு வடைய எடு."

"ஐயா, ஆளு எம்பத்திநாலு."

"பாதியாப் பிச்சு வை. பிச்சது தெரியாம அப்பளத்துக்கு அடியில வை."

எங்கள் கூடத்தில் வாய்க்குக் கொண்டுபோன வடையைக் கதிர்வேல் நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிவபாக்கியத்தின் பக்கம் சாய்ந்து, "இது முழு வடைதான் அக்கா. நான் பாத்துட்டேன்," என்றார்.

நான் ரிமோட்டில் முன்னால் போகிற பொத்தானை அழுத்தினேன். பதினொன்று வந்தது. பந்தியில் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த நான், இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டி, "இவரு மொத பந்தியிலயே சாப்பிட்டாச்சு. பாயாசம் மட்டும் ஊத்து," என்றேன். இன்னொரு தடவை அழுத்தினேன். பன்னிரண்டு. ஒரு பெரியவரை எழுப்பி நிறுத்திவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த வாடகை நாற்காலியைக் கவிழ்த்து அடியில் இருந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் வெற்றிலையோடு பொறுமையாக நின்றார்.

பென் டிரைவைப் பிடுங்கினால் மகள் கல்யாணமே அழிந்துவிடும். கரண்ட் போகாதா என்று கடவுளை வேண்டினேன். மழை தூறினாலே கரண்ட் போகிற ஊர் அது. அன்றைக்கு வெளியே நல்ல மழை. ஆனால் பொல்பிட்டிய மின்நிலையத்தில் யாரோ கடமை தவறாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் சிவப்புப் பொத்தானை அழுத்தி டிவியையே அணைத்தேன்.

"என்னா கிளாக்கரையா, நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சே," என்றார் ஆறுமுகம்.

"டிவி கொஞ்சம் சூடாகிருச்சு. தேத்தண்ணி குடிப்போமா?"

"இந்தக் குளிருக்கு அதுவாவது சூடா இருக்கட்டும்," என்றார் கதிர்வேல். "போடுங்க, தாலி கட்டுறதயாச்சும் பாப்போம்."

"போடுங்க அண்ணே," என்றார் சிவபாக்கியம். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. நான் பார்த்த பெரிய துரைகளில் ஒருவருக்குத்தான் அப்படிப்பட்ட குரல் இருந்தது.

போட்டேன். மறுபடியும் பிள்ளையார் வந்தார். ஏதோ கோளாறு, இப்போது சரியாகிவிடும் என்று மூச்சு விட்டேன். பிள்ளையார் போனார். தலையில் துண்டோடு நான் வந்தேன்.

"எத்தனை இலை?" என்று டிவியில் கேட்டேன்.

"எம்பத்திநாலு," என்றார் கதிர்வேல், மருதைக்கு முன்னால்.

இந்தத் தடவை சிலர் சிரித்தார்கள். சுரேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிவபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பொத்தான் அழுத்தவும் விடவில்லை. கையை லேசாகத் தூக்கி, "ஓடட்டும்," என்றார். பத்து ஓடியது, பதினொன்று ஓடியது, நாற்காலி மறுபடி கவிழ்ந்தது. பதின்மூன்றில் நான் பஸ் வாசலில் நின்று திரும்பிப் போகிறவர்களின் தலைகளை எண்ணினேன். பதினான்கில் கல்யாணம் முடிந்து வெறிச்சோடிய கொட்டகை. பெரிய கூடை ஒன்றின் மேல் மூடியிருந்த வாழையிலையை நான் விலக்குகிறேன். கூடை நிறைய வடை.

"நூத்தி இருவத்தாறு," என்றேன் டிவியில். "அப்பிடியே இருக்கு."

அந்தச் சமயத்தில் என் முகத்தில் தெரிந்த சிரிப்பு இருக்கிறதே, என் கல்யாணப் படத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை. பார்வதியே பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

சிவபாக்கியம் தட்டைக் கீழே வைத்தார். "அந்தக் கல்யாணத்துல சாப்பாடு கொறஞ்சு போச்சுன்னு எங்கிட்ட சொன்னாங்க அண்ணே. பொய்தான் சொல்லியிருக்காங்க. கொறையவே இல்ல." என் பக்கம் திரும்பினார். "வச்சிருந்திருக்கீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிவி முந்திக்கொண்டது. பதினான்கு முடிந்து இப்போதுதான் இரண்டு வந்தது. பட்டுச் சால்வை, ஒலிவாங்கி, நெற்றி நிறைய விபூதி. "வந்திருக்கிற அத்தனை பேரும் வயிறாரச் சாப்பிட்டுத்தான் போகணும்," என்று நான் உருக்கமாகக் கேட்டுக்கொண்டேன். "இத உங்க வீடா நெனச்சுக்கங்க."

கூடம் வெடித்துவிட்டது. ஆறுமுகம் கண்ணைத் துடைத்தார். கதிர்வேல் நாற்காலியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பார்வதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எட்டுப் பேர் சிரித்ததை நான் எண்ணினேன். ஒன்பதாவது ஆள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். சிரிப்பு அப்படியே அடங்கியது. சுரேஷின் முகம் சுருங்கிப் போயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் அந்த அம்மா எழுந்துவிட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

அப்போது மாலதி உள்ளேயிருந்து வந்தாள். கையில் நான் மூடி வைத்த கூடை. அதைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில், எல்லோர் முன்னாலும் வைத்தாள்.

"இன்னும் இருவத்திரெண்டு உள்ள இருந்துச்சு அத்தை. அப்பா எண்ணி வச்சது," என்றாள். "இத முடிக்காம உங்கள அனுப்ப மாட்டேன்."

சிவபாக்கியம் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு வடையை எடுத்தார். அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை மாலதியின் கையில் வைத்தார். மற்றப் பாதியைத் தான் வாயில் போட்டுக்கொண்டார்.

"பாதின்னா இப்பிடிக் குடுக்கணும் அண்ணே," என்றார் என்னிடம், மென்றுகொண்டே. திரும்ப உட்கார்ந்தார்.

அப்புறம் பேச்சு வேகமாக முடிந்தது. கல்யாணத்தை ராகலையில் வைப்பது. சாப்பாடு முழுவதும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. வேறு கோரிக்கை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அண்ணன் (அதாவது நான்) மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், பந்திப் பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவமானத்தில் குனிந்திருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்து இரக்கப்பட்டார்கள். உண்மையில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் எனக்கு எத்தனை மூட்டை அரிசி மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு மாலதி பென் டிரைவைக் கழற்றி மடிக்கணினியில் போட்டுப் பார்த்தாள். "அப்பா, கம்ப்யூட்டரு ஒண்ணு, ரெண்டுன்னு சரியாத்தான் அடுக்கும். இந்த டிவி அப்பிடி இல்ல. மொத எழுத்த மட்டும் பாக்கும். ஒண்ணுல தொடங்குறது எல்லாம் அதுக்கு ஒரே கூட்டம். ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பதினாலு வரைக்கும் முடிச்சிட்டுத்தான் ரெண்டுக்கு வரும். நீங்க ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் முன்னால ஒரு பூச்சியம் போட்டிருக்கணும்."

இடது பக்கப் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று பாடசாலையில் பிரம்படி வாங்கிப் படித்தவன் நான். அந்த மதிப்பில்லாத பூச்சியம் என்னிடமிருந்து எவ்வளவு வாங்கிக்கொண்டு போய்விட்டது பாருங்கள்.

ராகலைக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எனக்குக் காவலாக ஆறுமுகத்தின் மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரைப் பக்கத்துக்கு ஒருவராக உட்கார வைத்திருந்தார்கள். பந்தி எங்கோ பின்னால் நடந்தது. இலை விரிக்கிற சத்தத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசிப் பந்தியில் வடை தீர்ந்துவிட்டது. எனக்கு அது முந்தின பந்தியிலேயே தெரியும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நான் காட்டிய பெருந்தன்மையை இதுவரை யாரும் பாராட்டவில்லை.

இது எல்லாம் நடந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. நான் என்ன சொன்னாலும், "இது ரெண்டா, பத்தா?" என்று கேட்பார்கள். ரெண்டு என்றால் ஒலிவாங்கி முன்னால் பேசியது. பத்து என்றால் கொட்டகையில் பேசியது. மகள்கள் கேட்கிறார்கள், மருமகன்கள் கேட்கிறார்கள். பேத்திக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுத்தபோது அவள் ஒன்றுக்கு அடுத்தது பத்து என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தேன். கதிர்வேல்.

போன வாரம் சிவபாக்கியம் தொலைபேசியில் கூப்பிட்டார். தைப்பொங்கலுக்கு ராகலையிலிருந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்களாம்.

"தாராளமா வாங்க சம்பந்தி," என்றேன். "ஒருத்தரையும் விட்டுட்டு வராதீங்க. இது உங்க வீடு."

"ரெண்டா, பத்தா அண்ணே?"

"ரெண்டுதான், ரெண்டுதான்," என்றேன், சிரித்துக்கொண்டே.

தொலைபேசியை வைத்ததும் சமையலறைப் பக்கம் திரும்பினேன். "பார்வதி, எத்தனை பேருன்னு கேக்க மறந்துட்டேன். நீ கூப்பிட்டு, நான் கேட்டதாச் சொல்லாம கேளு."